மேசை இல்லாத மேசையாட்டம்: கலைச்சொல் தொகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

கலைச்சொல் பட்டியல் தொகுப்போருக்கும், அகராதிக்குப் பதிவு எழுதுவோருக்கும், மொழிபெயர்ப்பு மென்பொருளுக்குத் தமிழ் பழக்குவோருக்கும் வணக்கம்.

நான் விளையாட்டு விதித்தாள்களைத் தமிழில் எழுதுபவன். இது என் தொழில் அல்ல. நண்பர்கள் கூடி ஆடும்போது பெட்டிக்குள் இருக்கும் ஆங்கிலத் தாளை யாராவது ஒருவர் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஒருவர் எப்போதும் நானாகிப் போனேன். வாயால் சொன்னதையே மறுமுறையும் சொல்லச் சலித்துத்தான் எழுத ஆரம்பித்தேன்.

கொஞ்ச நாளுக்கு முன் ஒரு பெட்டியில் தமிழ் விதித்தாளும் சேர்ந்தே வந்தது. ஆசையாகப் பிரித்தேன். 'வாரியத்தை நடுவில் வைக்கவும்' என்றது முதல் வரி. மின்சார வாரியமா, தேர்வு வாரியமா என்று ஒரு நண்பர் கேட்டார். 'ஒவ்வொருவரும் இரண்டு அட்டைகளை வரைய வேண்டும்' என்றது அடுத்தது. ஒருவர் நிஜமாகவே பென்சிலைத் தேடினார். 'உங்கள் திருப்பம் முடிந்ததும்' என்று படித்தபோது எல்லாரும் சிரித்து ஓய்ந்திருந்தோம். பெட்டியின் முகப்பில், பெரிய எழுத்தில், 'குடும்பத்தினருக்கான மேசைமேற்பரப்பு விளையாட்டு' என்று இருந்தது.

முதல் மூன்றையும் திருத்துவது பெரிய வேலை இல்லை. வாரியம் என்பது பலகை. அட்டையை வரைவது சீட்டு எடுப்பது. திருப்பம் என்பது முறை. 'இப்ப உன் முறை' என்று சொல்லாத குழந்தை உண்டா? நான்காவதைத் திருத்தத்தான் பேனாவை எடுத்தேன், எடுத்த கையோடு கீழே வைத்தும் விட்டேன். ஆங்கிலத்தில் அங்கே இருந்த சொல் 'டேபிள்டாப்'. பலகை, சீட்டு, பகடை என்று வைத்து ஆடுபவற்றுக்கு வழங்கும் பெயர். அதற்கு நான் என்ன எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. உங்கள் பட்டியல்களைப் புரட்டினேன். ஒன்றில் 'மேசை விளையாட்டு', இன்னொன்றில் 'பலகை விளையாட்டு', மற்றொன்றில் அந்தப் பதிவே இல்லை. இருந்த இடங்களிலும் சொல்லுக்கு எதிரே சொல் மட்டும்தான். அது என்ன பொருள், யார் எப்போது சொல்வது என்று ஒரு வரி கிடையாது. இந்த மடல் அந்த ஒரு வரிக்காக.

டேபிள்டாப் என்ற சொல்லில் மேசை இருக்கிறது. ஆனால் சொல்லின் பொருளில் மேசைக்கு வேலையே இல்லை. டேபிள் டென்னிஸ் மேசைமேல்தான் நடக்கிறது. அதை யாரும் டேபிள்டாப் என்பதில்லை. பில்லியர்ட்ஸும் அப்படியே. சூதாட்டக் கூடங்களில் ரூலெட், பிளாக்ஜாக் போன்றவற்றுக்கு ஆங்கிலத்தில் 'டேபிள் கேம்ஸ்' என்றே பெயர். அவற்றையும் யாரும் டேபிள்டாப் என்பதில்லை. மறுபக்கம் பாருங்கள். பொம்மைப் படைவீரர்களை வைத்து ஆடும் போர் ஆட்டங்களுக்கு மூத்த முன்னோடிகளுள் ஒருவராகச் சொல்லப்படுபவர் எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ். அவர் 1913 இல் வெளியிட்ட 'லிட்டில் வார்ஸ்' என்ற விதிநூலின்படி ஆட்டம் நடப்பது தரையில். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு அவர் எழுதிய நூலின் பெயரே 'ஃப்ளோர் கேம்ஸ்', அதாவது தரை விளையாட்டுகள். டேபிள்டாப் குடும்பத்தின் தாத்தா ஒருவர் மேசை ஏறவே இல்லை!

பேரப்பிள்ளைக்கும் மேசை இல்லை. 2015 இல் 'டேபிள்டாப் சிமுலேட்டர்' என்று ஒரு கணினி நிரல் வந்தது. ஊருக்கு ஒருவராக இருப்பவர்கள் திரையில் கூடி ஆடுவதற்கானது. அதில் தெரிவது மேசையின் படம்தான். தோற்றவர் கோபத்தில் அந்த மேசையைக் கவிழ்ப்பதற்கும் ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த நிரலில் மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

மேசை அடையாளம் இல்லையென்றால் வேறு எது? பலரும் 'கையால் தொடக்கூடிய பொருள்' என்பார்கள்: காய், சீட்டு, பகடை. நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்தேன். சிமுலேட்டரில் தொட ஒன்றும் இல்லை, ஆனாலும் அதில் ஆடுபவர்கள் 'டேபிள்டாப் ஆடினோம்' என்றுதான் சொல்கிறார்கள். அதே மனிதர் தன் தொலைபேசியில் இயந்திரத்தோடு சதுரங்கம் ஆடினால் அப்படிச் சொல்வதில்லை. இரண்டும் திரைதான். வேறுபாடு இதில் இருக்கிறது: தொலைபேசிச் சதுரங்கத்தில் குதிரையைத் தப்பான கட்டத்துக்கு நகர்த்த முடியாது, நிரல் விடாது. சிமுலேட்டரில் குதிரையை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், எதிராளியின் ராணியைத் தூக்கி மேசைக்குக் கீழே போடலாம். 'ஏய், அது செல்லாது' என்று தடுப்பவர் எதிரே ஆடும் மனிதர். விதிகளைத் தலையில் சுமப்பதும், காப்பதும், சில நேரம் 'சரி, இந்த முறை விடு' என்று தளர்த்துவதும் ஆடுபவர்களே. கணினி விளையாட்டில் அந்தப் பொறுப்பு இயந்திரத்துக்குப் போய்விடுகிறது.

டேபிள்டாப் என்ற சொல் இன்று குறிப்பது இதைத்தான் என்பது என் வாதம். விதிவிலக்கு உண்டு. 2016 இல் வந்த 'மேன்ஷன்ஸ் ஆஃப் மேட்னஸ்' என்ற பலகை ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பை ஒரு செயலி துணையின்றி ஆடவே முடியாது; அரக்கன் எப்போது வருவான் என்பதைச் செயலிதான் சொல்லும். ஆனாலும் காயை நகர்த்துவதும் கணக்கு வைப்பதும் நாம்தான் என்பதால் யாரும் அதைக் குடும்பத்தை விட்டு விலக்கவில்லை. எல்லைகள் கொஞ்சம் மங்கித்தான் கிடக்கும், அது எந்தச் சொல்லுக்கும் உள்ளதே.

எங்கள் விதித்தாள்களில் ஒரு சொல் பிசகினால் ஏன் இவ்வளவு கூச்சல் போடுகிறோம் என்பதும் இதிலிருந்து உங்களுக்குப் புரியலாம். தப்பைத் தடுக்க இயந்திரம் இல்லை. தாள் தப்பாகச் சொன்னால் நாங்கள் தப்பாகவே ஆடுவோம், ஆண்டுக்கணக்காக.

இன்னொரு சிக்கல், யார் வாயில் வருகிறது என்பதைப் பொறுத்து இந்தச் சொல் ஆள் மாறுகிறது. 'வார்ஹாமர்' போன்ற ஆட்டங்களுக்காகச் சின்ன உருவங்களுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருப்பவரிடம் டேபிள்டாப் என்றால் அவருக்கு அது போர் ஆட்டம் மட்டுமே. ஜெர்மானியர்கள் இந்த ஆங்கிலச் சொல்லைக் கடன் வாங்கி, பெரும்பாலும் அந்தப் பொருளில்தான் ஆள்கிறார்கள். பலகை ஆட்டத்துக்கு அவர்களிடம் 'பிரெட்ஷ்பீல்' என்று சொந்தச் சொல் இருக்கிறது. 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடுபவரிடம் போனால், 'வாரம் ஒருநாள் டேபிள்டாப்' என்பது கதாபாத்திரம் ஏற்று ஆடும் ஆட்டத்தை, அதாவது பாத்திர ஆட்டத்தைக் குறிக்கும். பெட்டி பெட்டியாகப் பலகை ஆட்டம் சேர்ப்பவருக்கோ எல்லாம் அடங்கிய பொதுப்பெயர்: பலகை, சீட்டு, பகடை, உருவப் போர், பாத்திர ஆட்டம் அத்தனையும். இந்தப் பொதுப்பொருளை ஊரறியச் செய்ததில் 2012 இல் நடிகர் வில் வீட்டன் தொகுத்து வழங்கத் தொடங்கிய 'டேபிள்டாப்' என்ற இணையத் தொடருக்கும் பங்கு உண்டு. பிரபலங்கள் நாலு பேர் உட்கார்ந்து ஆடுவார்கள், நாம் பார்ப்போம், அவ்வளவுதான் நிகழ்ச்சி.

விளையாட்டுக்கு வெளியேயும் ஒரு டேபிள்டாப் உண்டு, மறக்கக் கூடாது. பேரிடர் மேலாண்மைக்காரர்கள் 'டேபிள்டாப் எக்சர்சைஸ்' என்பார்கள்: அதிகாரிகள் ஓர் அறையில் உட்கார்ந்து, 'இப்போது அணை உடைந்துவிட்டது, என்ன செய்வீர்கள்?' என்று பேசியே ஒத்திகை பார்ப்பது. அந்த இடத்தில் 'மேசை விளையாட்டுப் பயிற்சி' என்று ஒரு மொழிபெயர்ப்பு வந்து சேர்ந்தால் நான் வியக்க மாட்டேன். இயற்பியலாளர்களிடமும் 'டேபிள்டாப்' சோதனைகள் உண்டு, பெரிய துகள் முடுக்கிகள் இல்லாமல் ஓர் அறைக்குள் முடிவன. போகட்டும், அவற்றை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள்.

இவ்வளவு குழப்பம் எங்கிருந்து வந்தது? சொல்லின் பிறப்பிலேயே இருக்கிறது. பேசும் படம் வருவதற்கு முன் 'மௌனப் படம்' என்று ஒன்று இல்லை, வெறும் படம்தான். கைபேசி வந்த பிறகுதான் வீட்டுத் தொலைபேசி 'லேண்ட்லைன்' ஆயிற்று. பழைய பொருள் அப்படியே இருக்கும், புதிதாக ஒன்று வந்து அதன் பெயரைப் பறித்துக்கொள்ளும், பழையதற்கு ஓர் அடைமொழி தேவைப்பட்டுவிடும். பாத்திர ஆட்டத்துக்கு நடந்தது அச்சு அசல் இதுவே. 1974 இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளியிட்டபோது அதன் முகப்பில் 'ரோல் பிளேயிங்', அதாவது பாத்திரம் ஏற்று ஆடுதல், என்ற சொல்லே இல்லை. காகிதம், பென்சில், சிறு உருவங்கள் கொண்டு ஆடக்கூடிய இடைக்காலக் கற்பனைப் போர்த்தொடர்களுக்கான விதிகள் என்றுதான் தன்னைச் சொல்லிக்கொண்டது. 'ரோல் பிளேயிங் கேம்' என்ற பெயர் பின்னால் வந்து ஒட்டியது. பிறகு கணினி விளையாட்டுகள் அந்தப் பெயரை அப்படியே எடுத்துக்கொள்ள, மூலவர் 'டேபிள்டாப் ரோல் பிளேயிங் கேம்' ஆகி ஓர் ஓரமாய் நின்றார். பெயரில் டேபிள் இருப்பது மேசைக்காக இல்லை, 'கணினி அல்லாதது' என்று சொல்வதற்காக.

(இடையில் ஒரு வேடிக்கை. 1980களின் தொடக்கத்தில் கொலேகோ நிறுவனம் பேக்மேன் போன்றவற்றைச் சின்னப் பெட்டி வடிவில் விற்றது. மின்னணு விளையாட்டுகள்தாம், மேசைமேல் வைத்து ஆடலாம். அவற்றையும் அன்று டேபிள்டாப் என்றார்கள். கணினி அல்லாததைக் குறிக்கும் சொல் ஒருகாலத்தில் மின்னணுவையே குறித்திருக்கிறது.)

சரி, 'பலகை விளையாட்டு' என்று எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டால் என்ன? உங்களில் சிலர் அதைத்தான் செய்திருக்கிறீர்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ஆங்கிலத்திலேயே 'போர்டு கேம்' என்பதைத் தளர்வாக ஆள்கிறார்கள். 2008 இல் வந்த 'டொமினியன்' முழுக்கச் சீட்டுகளால் ஆனது, பலகையே கிடையாது. 2009 இல் ஜெர்மனியின் 'ஆண்டின் சிறந்த ஆட்டம்' விருதை வாங்கியது, எல்லாரும் அதைப் போர்டு கேம் என்றே சொல்கிறார்கள். இன்னும் உள்ளே போனால் போர்டும் டேபிளும் வேறு வேறுகூட இல்லை. பழைய ஆங்கிலத்தில் 'போர்டு' என்றால் பலகை, பின்னர் மேசையும்தான். இயக்குநர் குழுவுக்குப் போர்டு என்று பெயர் வந்தது அவர்கள் சுற்றி உட்கார்ந்த மேசையால். அந்தப் போர்டைத்தான் நாம் வாரியமாக்கினோம், அது என் விதித்தாளில் வந்து உட்கார்ந்தது. 'டேபிள்ஸ்' என்பதோ இடைக்கால ஆங்கிலத்தில் ஓர் ஆட்டக் குடும்பத்தின் பெயர். பகடை உருட்டிக் காய் நகர்த்தும் இன்றைய பேக்கேமன் அதன் வாரிசு. இன்றைய ஸ்பெயினில் இருந்த காஸ்டில் நாட்டு மன்னர் பத்தாம் அல்போன்சோ 1283 இல் முடித்த ஆட்ட நூலில் சதுரங்கம், பகடை ஆகியவற்றோடு இந்த டேபிள்ஸ் வகைக்கும் தனிப்பகுதி இருக்கிறது. ஆக இரண்டு சொல்லுமே பலகையில் தொடங்கி மேசைக்கு வந்தவை. டேபிளுக்கு மூலமான இலத்தீன் 'தபுலா' என்றால் பலகைதானே.

இருந்தும் ஒரே சொல்லில் இரண்டையும் அடைப்பதை நான் ஏற்க மாட்டேன். பாத்திர ஆட்டத்தைப் பலகை விளையாட்டு என்று சொன்னால், வாங்கியவர் பெட்டியைத் திறந்து பலகையைத் தேடுவார். உள்ளே ஒரு தடித்த புத்தகமும் எட்டுப் பக்கம், பன்னிரண்டு பக்கம், இருபது பக்கம் உள்ள பகடைகளும் இருக்கும். அவருக்கு ஏமாற்றம், பெயர் வைத்தவருக்குத் திட்டு.

பிற மொழிகள் என்ன செய்தன என்று பார்த்தேன். ஸ்பானியம், இத்தாலியம், ரஷ்யம், சீனம் நான்கும் மேசையைப் பிடித்துக்கொண்டன. போர்த்துகீசியம் பலகையைப் பிடித்துக்கொண்டது. பிரெஞ்சு மொழி இரண்டையும் ஓரங்கட்டிவிட்டு, நாலு பேர் கூடியிருக்கும் சபையைப் பிடித்தது: 'ஷூ த சொசியெத்தே'. எனக்கு அதுவே அழகாகத் தெரிகிறது. ஜப்பானியர் பாத்திர ஆட்டத்துக்கு 'டேபிள் டாக் ஆர்பிஜி' (ஆர்பிஜி என்பது ரோல் பிளேயிங் கேமின் சுருக்கம்) என்று தாங்களே ஓர் ஆங்கிலச் சொல்லைக் கட்டிக்கொண்டார்கள். மேசையைச் சுற்றிப் பேசி ஆடுவது! ஆங்கிலேயருக்குத் தோன்றாதது, ஆட்டத்தின் சாரமே பேச்சு என்பது, அதில் வந்துவிட்டது.

தமிழுக்கு வருவோம். நம்மிடம் சொல் இல்லாமல் இல்லை. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் 'வல்' என்ற ஆட்டப் பெயருக்குப் புணர்ச்சி விதி சொல்கிறார். அடுத்த நூற்பாவில் 'நாயும் பலகையும் வரூஉம் காலை' என்று தொடங்கி, வல்லோடு நாயும் பலகையும் சேரும்போது என்ன ஆகும் என்று தனியாகச் சொல்கிறார். வல்லநாய், வல்லப்பலகை. நாய் என்பது அங்கே ஆட்டக் காய். இலக்கணம் எழுதியவர் ஆட்டப் பலகைக்கும் காய்க்கும் சந்தி எப்படி வரும் என்று கவலைப்பட்டிருக்கிறார். நாம் அதை வாரியம் என்று எழுதிவிட்டுத் தூங்குகிறோம்.

பெருமைக்காக இதைச் சொல்லவில்லை, வல்லை மீட்டுக் கொண்டுவாருங்கள் என்றும் கேட்கவில்லை. விதித்தாளில் 'உங்கள் நாயை இரண்டு கட்டம் நகர்த்துங்கள்' என்று எழுதினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நான் சொல்ல வருவது, பலகை என்ற சொல் இந்த வேலைக்குப் பழகிய சொல். அதைப் போர்டுக்கு மட்டும் வையுங்கள். காய், கட்டம், பகடை, முறை, சீட்டு, கலைத்தல் எல்லாம் பேச்சிலேயே உயிரோடு இருப்பவை. அரசியல் செய்தி எழுதுவோர்கூட அன்றாடம் 'காய் நகர்த்து'கிறார்கள். பட்டியலில் இவை இருக்கும்போது 'விளையாட்டுத் துண்டு', 'பகடைக் கனசதுரம்' என்றெல்லாம் உருவாக்க வேண்டாம்.

டேபிள்டாப்பின் பொதுப்பொருளுக்கு என் ஓட்டு 'மேசையாட்டம்'. இவ்வளவு நேரம் மேசைக்கு வேலை இல்லை என்று சொன்னவன்தான் இதைச் சொல்கிறேன். யோசித்துத்தான். 'கூடியாடல்' என்று பிரெஞ்சு வழியில் ஒன்றை எழுதிப் பார்த்தேன். படித்தவர்கள் நாட்டியம் என்று நினைத்தார்கள். 'அமர்ந்தாடும் ஆட்டம்' என்றேன். கணினி முன்னாலும் அமர்ந்துதானே ஆடுகிறோம் என்றார்கள். மேசையாட்டம் என்றதும் மட்டும் மேலே ஒன்றும் கேட்காமல் காயை எடுத்தார்கள். அடையாளப் பெயர் பொருளை முழுக்க விளக்க வேண்டும் என்பதில்லை, சுட்டினால் போதும். மேசை என்ற சொல்லும் போர்த்துகீசிய 'மெசா' வழியாக நமக்கு வந்ததுதான். ஸ்பானியரின் 'ஹுயேகோ தெ மெசா'வுக்குப் பக்கத்து வீட்டில் குடியேறுவதில் தப்பில்லை. 'விளையாட்டு' என்பதைவிட 'ஆட்டம்' நல்லது என்று நினைப்பதற்குக் காரணம், விளையாட்டு என்றால் ஓட்டப்பந்தயமும் உதைபந்தும் உடனே நினைவுக்கு வருகின்றன. சீட்டாட்டம், சதுரங்க ஆட்டம் என்று சொல்லும் நாக்குக்கு மேசையாட்டம் வழுக்கிக்கொண்டு வரும். ஒரே ஒரு வேண்டுகோள், 'மேற்பரப்பு' வேண்டாம். அது தச்சருக்கு உரியது.

இந்தச் சொல் உங்களுக்குப் பிடிக்காமல் போனால் டேபிள்டாப் என்றே தமிழில் எழுதுங்கள், சண்டைக்கு வர மாட்டேன். ஆடுபவர்கள் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் மன்றாடுவது இணைச்சொல்லுக்கு அல்ல, பதிவுக்கு. சொல்லுக்குக் கீழே இப்படி எழுத உங்களுக்கு நாலு வரி போதும்: விதிகளை இயந்திரத்திடம் விடாமல் ஆடுபவர்களே நடத்தும் ஆட்டங்களின் பொதுப்பெயர்; பலகை, சீட்டு, பகடை, உருவப் போர், பாத்திர ஆட்டம் ஆகியவை இதில் அடங்கும். உருவப் போர் ஆடுவோரும் பாத்திர ஆட்டக்காரரும் தத்தம் ஆட்டத்தை மட்டும் இப்பெயரால் குறிப்பதுண்டு. சூதாட்டக் கூடத்து மேசை ஆட்டங்களை இது குறிக்காது. பேரிடர் ஒத்திகை என்ற பொருளுக்குத் தனிப்பதிவு காண்க. முடிந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் எடுத்துக்காட்டாகக் கொடுங்கள். அகராதியில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

மொழிபெயர்ப்பு மென்பொருள் பழக்குவோருக்குத் தனியாக ஒன்று. உங்கள் பொறியிடம் 'டிரா' என்றால் வரைதல் என்று மட்டும் சொல்லிக்கொடுக்காதீர்கள். பக்கத்தில் சீட்டு இருந்தால் எடுத்தல், ஆட்டம் முடியும் இடமாக இருந்தால் சமன். 'டெக்' என்றால் கப்பல் தளம் மட்டும் அல்ல, சீட்டுக்கட்டும்தான். 'டை' என்ற சொல் வரும்போதெல்லாம் யாரையும் சாகடிக்க வேண்டாம். பகடை ஒன்றைத்தான் உருட்டச் சொல்கிறார்கள். இவற்றைச் சரிசெய்ய ஆள் வேண்டுமென்றால் எங்களைக் கூப்பிடுங்கள். சம்பளம் கேட்க மாட்டோம், நாலாவது ஆளாக உட்கார்ந்து ஓர் ஆட்டம் ஆடினால் போதும்.

இப்போது என் முன்னால் ஒரு புது விதித்தாள் பாதி முடிந்து கிடக்கிறது. ஐந்து பேர் ஆடலாம், முக்கால் மணி நேரம் ஆகும், மூத்தவர் தொடங்க வேண்டும் என்பது வரை எழுதிவிட்டேன். தலைப்புக்குக் கீழே முதல் வரியில் மட்டும் '10 வயதுக்கு மேற்பட்டோருக்கான' என்று எழுதி, அடுத்த சொல்லுக்குப் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். உங்கள் அடுத்த பதிப்பு வந்ததும் நிரப்பிக்கொள்கிறேன்.

அன்புடன்,
விதித்தாள் எழுதும் ஓர் ஆட்டக்காரன்